கனவுக் கொப்பி: கண்விழித்ததும் மறையும் கனவை எழுத்தில் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"எனக்குக் கனவே வருவதில்லை" என்று சொல்பவர்கள் வன்னியில் நிறையப்பேர். பகல் முழுவதும் வயலிலும் தோட்டத்திலும் முறிந்துவிட்டு வந்து பாயில் சாய்ந்தால் அடித்துப்போட்டாற்போல் உறக்கம். கண்ணைத் திறந்தால் விடிந்திருக்கும். இடையில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றும். உண்மையில் அந்த ஓர் இரவுக்குள் அவர்கள் நாலைந்து தடவை கனவு கண்டிருப்பார்கள். கண்டதை விழிப்புக்குள் கொண்டுவரும் பழக்கம்தான் இல்லை. அதை யாரும் பழகிக்கொள்ளலாம். ஒரு கொப்பி, ஒரு பென்சில், சில வாரப் பொறுமை போதும்.

கனவு எங்கே தொலைகிறது?

முறைகளுக்குள் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏன் செய்கிறோம் என்று தெரிந்தால்தான் எந்தப் பழக்கமும் நிலைக்கும்.

1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளைட்மன் என்ற இருவர், உறங்குபவர்களின் மூடிய இமைகளுக்குள் விழிகள் சில நேரங்களில் வேகமாக அசைவதை அவதானித்து எழுதினார்கள். அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலானோர் கனவொன்றைச் சொல்கிறார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் இது பத்துக்கு எட்டு என்ற அளவில் இருந்தது. மருத்துவர்கள் ஆர்.ஈ.எம். என்று சொல்வது இந்த விழியசைவு உறக்கத்தைத்தான். மற்ற நேர உறக்கத்திலும் கனவு உண்டு. ஆனால் கதைபோல நீண்டு, நிறமும் முகமும் பேச்சுமாக வருபவை பெரும்பாலும் இந்த நேரத்துக்குரியவை.

உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. முதற்சுற்றில் விழியசைவு உறக்கம் சில நிமிடங்கள்தான். சுற்றுக்குச் சுற்று அது நீண்டு, விடியும் தறுவாயில் அரை மணித்தியாலத்தையும் தொடும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பலிப்பது ஒருபுறம் இருக்கட்டும். விடியற்காலைக் கனவு தனியானது என்று அவர்கள் கண்டது சரி. இரவிலேயே நீளமான கனவு அதுதான், விழிப்புக்குப் பக்கத்தில் இருப்பதும் அதுதான்.

பிறகு ஏன் மறக்கிறது? விழியசைவு உறக்கத்தின்போது மூளையில் நோர்அட்ரினலின் என்ற சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நடப்பதை நினைவில் பதிய வைப்பதற்குத் துணைபோகும் சுரப்பு அது. இன்னொன்றும் உண்டு. 2019இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எலிகளை ஆராய்ந்தபோது, இந்த உறக்கத்தில் விழித்துச் செயற்படும் ஒருவகை நரம்புக்கலங்கள் நினைவுகளை மறக்கச் செய்வதைக் கண்டார்கள். மறதி ஏதோ உங்கள் சோம்பலால் வருவதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். மூளை அப்படித்தான் அமைந்திருக்கிறது. கண்விழித்த பிறகு அந்தச் சுரப்பு திரும்பிவரும் சில நிமிடங்களுக்குள் கனவை நினைத்துப் பார்த்துச் சொல்லாக்கிவிட்டால் அது தங்கும். விட்டால் போய்விடும்.

ஆகவே கீழே வரும் எல்லாமே விழித்தெழும் முதல் நாலைந்து நிமிடங்களுக்காகத்தான். இரவில் செய்யும் ஆயத்தமும் அந்த நிமிடங்களுக்காகவே.

முதற்படி: கொப்பியும் பென்சிலும் எங்கே இருக்க வேண்டும்

விலையான நாட்குறிப்பு தேவையில்லை. 80 பக்கப் பாடசாலைக் கொப்பி ஒன்று போதும். மட்டை கொஞ்சம் தடிப்பாக இருந்தால் மடியில் வைத்து எழுத வசதி. பேனையைவிடப் பென்சிலை எடுங்கள். மல்லாந்து படுத்தபடி கொப்பியைத் தூக்கிப் பிடித்து எழுதினால் குமிழ்முனைப் பேனை இரண்டு வரியில் நின்றுவிடும், மை கீழிறங்காது. பென்சில் எப்படிப் பிடித்தாலும் எழுதும். முதல்நாளே தீட்டி வையுங்கள்.

வைக்கும் இடம் முக்கியம். கொப்பி நுளம்பு வலைக்குள்ளே, நீங்கள் எழுதும் கையின் பக்கமாக, தலையணையோடு இருக்க வேண்டும். வலைக்கு வெளியே வைத்தால் வலையைக் கிளப்ப வேண்டும், எட்ட வேண்டும், நுளம்பு உள்ளே வரும், அதை அடிக்க வேண்டும். அதற்குள் கனவு போய்விடும். நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இருட்டில் பாயின் ஓரத்தையும் அடியையும் கையால் தடவித் தேடும் பழக்கம் நம் பக்கத்தில் ஆபத்தானது. இரவில் நிலத்தில் படுத்திருப்பவர்களைப் பாம்பு தீண்டுவது வன்னியில் புதிதல்ல. வலையின் ஓரங்களைப் பாயின் கீழ் நன்றாகச் செருகி, கொப்பி, பென்சில், சிறிய டோர்ச் மூன்றையும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

டோர்ச் வெளிச்சம் கண்ணில் அடித்தால் முழு விழிப்பு வந்துவிடும். கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒன்றை ஒட்டினால் மங்கலாகும். பக்கத்தில் பிள்ளைகள் உறங்கும் வீட்டில் வெளிச்சமே இல்லாமல் எழுதப் பழகலாம்: இடது பெருவிரலைக் கொப்பியின் ஓரத்தில் வரி தொடங்கும் இடத்தில் வைத்துக்கொண்டு, பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ஐந்தாறு வரி மட்டும் எழுதுங்கள். வரி முடிந்ததும் பெருவிரலை இரண்டு விரல் அகலம் கீழே நகர்த்துங்கள். காலையில் வாசிக்க முடியும்.

கைத்தொலைபேசியில் குரலைப் பதிவது நல்ல வழிதான், அதிலும் எழுத்துப் பழக்கம் இல்லாத முதியவர்களுக்கு. அவர்கள் சொன்னதைப் பேரப்பிள்ளைகள் பிறகு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் திரையைத் தொட்டதும் குறுஞ்செய்தி ஒன்று கண்ணில் பட்டால் எல்லாம் முடிந்தது. இதை ஊகத்தில் சொல்லவில்லை. 1973இல் டேவிட் கோஹன், கேரி வூல்ஃப் ஆகியோர் செய்த ஆய்வு ஒன்றில், ஒரு பகுதியினரிடம் எழுந்தவுடன் வானிலைத் தகவல் எண்ணுக்கு அழைத்து அன்றைய வெப்பநிலையைக் குறித்துவிட்டுக் கனவை எழுதும்படி சொன்னார்கள். அந்தச் சின்ன வேலை ஒன்றே கனவை நினைவுகூர்ந்தவர்களின் தொகையை ஏறக்குறையப் பாதியாக்கிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் இரவில் அனுப்பிய படங்கள் காத்திருக்கும் நம் காலைகளை நினைத்துப் பாருங்கள். தொலைபேசியைப் பதிவுக்குப் பயன்படுத்துவதானால் படுக்கும்முன் விமானப் பயன்முறையில் போட்டு, குரல்பதிவுத் திரையைத் திறந்தபடியே வையுங்கள்.

இரண்டாம் படி: கனவுக்கு உறக்கம் கொடுங்கள்

ஐந்து மணித்தியாலம் மட்டும் உறங்குபவர் விழியசைவு உறக்கத்தின் பெரும்பங்கை, அதாவது கடைசிச் சுற்றுகளை, இழக்கிறார். கனவு நினைவில் வேண்டுமென்றால் ஏழு மணித்தியாலமாவது படுக்கையில் இருக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழ் படுப்பவர்களுக்குக் கனவு குறைவது இயல்பு. விழியசைவு உறக்கத்தில் உடல் தன் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. ஆகவே அறை புழுக்கமாக இருந்தால் உடல் அந்த உறக்கத்துக்குள் போகத் தயங்குகிறது, போனாலும் சீக்கிரம் கலைகிறது. காற்றோட்டமான விறாந்தையில் வலை கட்டிப் படுப்பது, படுக்கும்முன் கிணற்றடியில் முழுகுவது இரண்டும் உண்மையிலேயே உதவும். நீங்கள் கொப்பியைத் தொடங்குவதற்கு நல்ல காலம் மாரி முடிந்த பனிக்காலம் என்பது என் எண்ணம்.

கள்ளும் சாராயமும் கனவுக்கு எதிரி. குடித்துவிட்டுப் படுத்தால் இரவின் முற்பாதியில் விழியசைவு உறக்கம் அமுங்கிப்போகும்; போதை இறங்கிய பின்னிரவில் அது திமிறிக்கொண்டு வந்து, வியர்வையும் பதற்றமுமான கனவுகளாகக் கலைக்கும். சில மனச்சோர்வு மருந்துகள் கனவைக் குறைக்கும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகள், குறிப்பாகப் புரோப்ரனலோல், கெட்ட கனவைக் கூட்டும். இதை வாசித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லுங்கள். வைட்டமின் பி6 மாத்திரை கனவு நினைவைக் கூட்டுவதாக அவுஸ்திரேலியாவில் 2018இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அதில் கொடுத்தது 240 மில்லிகிராம். அந்த அளவை நீண்டகாலம் விழுங்கினால் நரம்பு கெடக்கூடும். நமக்கு அது வேண்டாம்.

இரவு வேலை உள்ளவர்கள் இந்தப் பழக்கம் தமக்கு ஒத்துவராது என்று நினைக்க வேண்டியதில்லை. காலபோக நெல் கதிர் தள்ளிய பிறகு யானைக்கும் பன்றிக்கும் காவல் இருப்பவர்கள், குடிலில் கண்ணயர்ந்தும் விழித்தும் இரவைக் கழிக்கிறார்கள். கனவை அதிகம் நினைவில் வைத்திருப்பவர்கள் இரவில் அதிகநேரம் விழித்திருக்கிறார்கள் என்று பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்: ஓரிரவில் அவர்களுக்கு ஏறக்குறைய 30 நிமிடம், மற்றவர்களுக்கு 15 நிமிடம். காவற்காரருக்கு அந்த விழிப்பு தானாகவே கிடைக்கிறது. சட்டைப்பையில் நாலாக மடித்த தாளும் பென்சில் துண்டும் இருந்தால் போதும். முல்லைத்தீவுக் கரையில் சாமத்தில் கடலுக்குப் போகிறவர் விடியற்காலை உறக்கத்தை இழந்தாலும், கரை திரும்பி முற்பகலில் படுக்கும்போது விழியசைவு உறக்கம் வேகமாக வந்துவிடும். அவருக்குக் கனவுக் கொப்பி பகல் பத்து மணிக்குரியது.

ஆனால் கனவுக்காகவே அலாரம் வைத்து இரவில் பலமுறை எழும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மறுநாள் வெயிலில் வேலை செய்ய வேண்டிய உடம்பு அது. ஆவல் அதிகமானால், மறுநாள் வேலை இல்லாத ஓர் இரவில் ஒரே ஒரு தடவை முயலலாம்: ஒன்பதரைக்கு உறங்கினால் மூன்றரைக்கு நாலாவது சுற்று முடியும் நேரம் வரும். ஆளுக்கு ஆள் சற்று முன்பின்னாக இருக்கும்.

மூன்றாம் படி: படுக்கும்முன் மூன்று வரி

மறுநாள் காலைக்குரிய பக்கத்தைத் திறந்து, மேலே நாளையின் திகதியை எழுதுங்கள். அதன் கீழ் இன்றைய நாளைப் பற்றி ஒரே வரி: "மிளகாய்க்குத் தண்ணீர் இறைத்தோம், மோட்டர் பழுது, மாமி வந்தார்." பிறகு கனவில் எது எங்கிருந்து வந்தது என்று பார்க்க இந்த வரி உதவும். மூன்றாவதாக, "காலையில் விழித்ததும் அசையாமல் கிடந்து கனவை நினைப்பேன்" என்று எழுதி, கண்ணை மூடியபின் மனத்துக்குள் சில தடவை சொல்லுங்கள். விளக்கை அணைத்த பிறகு வேறு எதையும் எடுக்காதீர்கள். இவ்வளவுதான்.

நாலாம் படி: விழித்த கணம்

இதுதான் உயிரான இடம். நிதானமாக வாசியுங்கள்.

விழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்க வேண்டாம். புரள வேண்டாம், கையை நீட்ட வேண்டாம். எப்படிக் கிடக்கிறீர்களோ அப்படியே கிடவுங்கள். வெளியே சேவல் கூவும், கோயில் மணி கேட்கும், யாரோ முற்றம் கூட்டுவார்கள். கேட்கட்டும். "இன்று என்ன வேலை" என்ற எண்ணம் ஒன்று மட்டும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது வந்தால் கனவு இடத்தை விட்டுவிடும்.

"என்ன கனவு கண்டேன்?" என்று கேட்டு மனத்தை அதட்டாதீர்கள். "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். மனம் கனமா, லேசா, வெட்கமா, அவசரமா? கனவின் காட்சி போன பிறகும் அதன் உணர்வு சிறிதுநேரம் உடம்பில் தங்கும். அந்த உணர்வைப் பிடித்துக்கொண்டு இருந்தால் கடைசிக் காட்சி தலைகாட்டும்: ஒரு படலை, ஒரு முகம், ஒரு சொல். அது கிடைத்ததும் "இதற்கு முன் என்ன?" என்று பின்னோக்கிப் போங்கள். முடிவிலிருந்து தொடக்கத்துக்கு, ஒவ்வொரு காட்சியாக. முன்னோக்கிச் சொல்ல முயன்றால் மனம் தானாகவே கதை கட்டிவிடும்.

ஒன்றுமே வரவில்லையா? மெல்லத் திரும்பி, நீங்கள் வழக்கமாக உறங்கும் இன்னொரு பக்கமாகப் படுத்துப் பாருங்கள். கனவு கண்டபோது கிடந்த நிலைக்கு உடம்பு வந்ததும் அது திரும்பிவருவதாகப் பலர் சொல்கிறார்கள். அதற்கும் வராவிட்டால் பட்டியல் ஒன்றை மனத்தில் ஓட்டுங்கள். முதலில் ஆட்கள்: அம்மா, அப்பா, சகோதரங்கள், பள்ளித் தோழர், அயலவர், இறந்தவர்கள். பிறகு இடங்கள்.

இடங்களின் பட்டியலில் வன்னியார் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும். ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்து வாழ்ந்தவர்கள் இங்கே சிலர்தான். பிறந்த வீடு, இடம்பெயர்ந்து இருந்த உறவினர் வீடு, தறப்பாள் கொட்டில், முகாம், மீளக் குடியேறியபோது கிடைத்த தற்காலிக வீடு, இப்போதைய கல்வீடு என்று ஒருவருக்கே ஆறேழு வீடுகள் இருக்கும். கனவு இவற்றை ஒன்றோடொன்று கலந்து வைக்கும்: கதவு பழைய வீட்டுடையது, கிணறு இப்போதைய வளவுடையது, முற்றத்தில் நிற்கும் பாலைமரம் வேறெங்கோ பார்த்தது. ஆகவே உங்கள் வீடுகளின் பெயர்ப்பட்டியலைக் கொப்பியின் முதற்பக்கத்தில் ஒரு தடவை எழுதி வையுங்கள். விழித்ததும் அவற்றை வரிசையாக மனத்தில் தொட்டுப் பாருங்கள். குளம், வாய்க்கால், பாடசாலை, கோயில் வீதி, முறிகண்டியில் நிற்கும் பஸ், வைத்தியசாலை வாசல் ஆகியவற்றையும் சேருங்கள். ஏதோ ஓரிடத்தில் "ஓம், அங்கேதான்" என்று மனம் சட்டென்று நிற்கும்.

இடையில் ஒன்று. சில வேளை விழிப்பு வந்தும் கைகால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி இருப்பதுபோல் இருக்கும்; பேய் அமுக்கியது என்பார்கள். விழியசைவு உறக்கத்தில் உடம்பின் தசைகள் செயலற்றுக் கிடக்கும். மனம் விழித்த பிறகும் அந்த நிலை சில கணங்கள் நீடிப்பதுதான் இது. பயப்பட ஒன்றுமில்லை. மூச்சை மெதுவாக விட்டு, ஒரு விரலை அசைக்க முயலுங்கள். அடிக்கடி வந்தால் உறக்கம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: முதலில் சொற்கள், பிறகு வசனங்கள்

கனவு கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் மெதுவாகப் பென்சிலை எடுங்கள். முதலில் முழு வசனம் எழுத வேண்டாம். ஐந்தாறு சொற்கள் மட்டும். ஒரு காட்சியை விரிவாக எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றக் காட்சிகள் மறையும். உதாரணத்துக்கு ஒரு பக்கத்தின் மேற்பகுதி இப்படி இருக்கலாம்:

வான்கதவு. அம்மம்மா. பச்சைக் குடை. சத்தம் இல்லை. ஒற்றைச் செருப்பு. பஸ்.

இந்த ஆறும் தாளில் விழுந்த பிறகு நீங்கள் எழுந்து உட்காரலாம். அதன் கீழே விரிவாக எழுதுங்கள்:

"இரணைமடுக் குளத்து வான்கதவுக்கு மேலே நிற்கிறேன். கதவுகள் எல்லாம் திறந்திருக்கின்றன. தண்ணீர் பாய்கிறது, ஆனால் சத்தமே இல்லை. அம்மம்மா பச்சைக் குடையை விரித்துப் பிடித்தபடி அணைக்கட்டால் நடந்து வருகிறார். மழை இல்லை. என் காலில் ஒற்றைச் செருப்புத்தான் இருக்கிறது, அது பாடசாலைக் காலத்துச் செருப்பு. 'பஸ் போய்விட்டது' என்கிறார். எனக்குக் கவலை வரவில்லை. ஆறுதலாக இருக்கிறது."

இதில் கவனிக்க வேண்டியவை சில. எல்லாம் நிகழ்காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. "நின்றேன், வந்தார்" என்று எழுதினால் நீங்கள் கனவுக்கு வெளியே போய்விடுகிறீர்கள். "நிற்கிறேன்" என்று எழுதும்போது அந்த அணைக்கட்டிலேயே நிற்கிறீர்கள், கண்ணில் படாமல் போனவை படும். இந்தப் பக்கத்தில் செருப்பு பாடசாலைக் காலத்துடையது என்பது சொற்பட்டியலில் இல்லை, எழுதும்போதுதான் வந்தது. அடுத்து, பொருந்தாதவை திருத்தப்படவில்லை. சத்தமில்லாத வான்கதவை "தூரத்தில் நின்றதால் கேட்கவில்லை" என்று ஒழுங்குபடுத்த மனம் துடிக்கும். விடாதீர்கள். கனவில் வித்தியாசமாக இருந்ததுதான் நாளை அதை உங்களுக்கு மீட்டுத் தரும். கடைசியாக, உணர்வு எழுதப்பட்டிருக்கிறது. பஸ் போனதற்குக் கவலை வராமல் ஆறுதல் வந்தது என்ற ஒரு வரி, மற்ற எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது.

முடிந்ததும் ஒரு தலைப்பு வையுங்கள்: "சத்தமில்லாத வான்கதவு." இடத்தைச் சொல்லால் விளக்க முடியாவிட்டால் கீறுங்கள், வீடு எந்தப் பக்கம், கிணறு எந்தப் பக்கம் என்று நாலு கோடு போதும். துண்டுதுண்டாக நினைவில் இருப்பதை அப்படியே துண்டாக எழுதுங்கள். "நடுவில் ஏதோ நடந்தது, தெரியவில்லை" என்று எழுதுவது நேர்மையான பதிவு.

ஒன்றும் நினைவில்லாத காலைகளிலும் பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள். "ஒன்றும் இல்லை. மனம் பாரமாக இருக்கிறது" என்று எழுதுங்கள். முதல் வாரத்தில் இப்படிப்பட்ட பக்கங்கள்தான் அதிகம் வரும். இரண்டு மூன்று வாரத்துக்குள் பலருக்கு வித்தியாசம் தெரியத் தொடங்கும். கனவை அதிகம் மறப்பவர்களுக்கே கொப்பி அதிகம் உதவுகிறது என்று கனவு ஆய்வுகள் காட்டுகின்றன. "எனக்குக் கனவே வருவதில்லை" என்பவர்கள்தான் முதலில் தொடங்க வேண்டியவர்கள்.

வீட்டுக் காலையும் வீட்டாரும்

மேலே சொன்ன நாலைந்து நிமிடம் யாருக்குக் கிடைக்கிறது? அடுப்பு மூட்டி, தேத்தண்ணீர் வைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு வெளிக்கிடுத்தி, தோட்டத்துக்கும் கட்டிக்கொண்டு போகும் பெண்ணுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. கண் திறக்கும்போதே கால் நிலத்தில் இருக்கும். அவருக்கு நான் சொல்வது: வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாகப் படுக்கப் போங்கள், எழும்பியதும் சொற்களை மட்டும் எழுதுங்கள். எழுதவும் முடியாவிட்டால் தலைப்பு ஒன்றை மட்டும் மனத்தில் வைத்து, அடுப்படியில் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருங்கள். பிள்ளைகள் போன பிறகு அந்தத் தலைப்பிலிருந்து பாதியையாவது மீட்கலாம். வீட்டிலுள்ள மற்றவர்களுக்குச் சொல்வது: காலையில் அந்த நாலைந்து நிமிடம் அடுப்பை நீங்கள் மூட்டுங்கள்.

கொப்பி தனிப்பட்டது. ஒரே அறையில் ஐந்துபேர் படுக்கும் வீட்டில் அதை யாரும் புரட்டக்கூடும். பெயர்களுக்கு முதலெழுத்து மட்டும் போடுங்கள். பிறர் கொப்பியை வாசிப்பதில்லை என்று வீட்டில் வெளிப்படையாகச் சொல்லி வையுங்கள், பிள்ளைகளின் கொப்பியாக இருந்தாலும்.

பலன் பார்ப்பதற்கு முன்

பல் விழுந்தால் துக்கம், கலியாணம் கண்டால் மரணவீடு என்று காலையிலேயே பலன் சொல்லிவிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் கேட்பது ஒன்றே: எழுதி முடிக்கும்வரை யாரிடமும் பலன் கேட்காதீர்கள். பலன் காதில் விழுந்ததும் கனவு அதற்கேற்ப வளைந்துவிடும். பலனுக்கு உதவாத பாகங்கள் முதலில் மறைந்துவிடும்.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போகும் நமக்கு நல்ல முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள்: கணவனோடு பெரிய ஊருக்குப் போனது, ஊரார் பழி சுமத்தியது, கோவலனுக்குத் தீங்கென்று கேட்டு அரசன்முன் வழக்குரைத்தது. கண்டதை வரிசையாகச் சொல்கிறாள். காரணமும் பரிகாரமும் சொல்பவள் தேவந்தி. குளத்தில் மூழ்கிக் காமவேளைத் தொழு என்ற அந்தப் பரிகாரத்தை, அது பெருமை தராது என்று கண்ணகி மறுத்தும்விடுகிறாள். கனவு அவளுடையதாகவே இருக்கிறது.

கனத்த கனவுகள்

இதைச் சொல்லாமல் வன்னியில் கனவைப் பற்றி எழுதக்கூடாது. 2009இன் இறுதிப் போரைக் கடந்து வந்தவர்களில் பலருக்கு இரவு என்பது ஷெல் சத்தமும் பங்கரும் கடந்துவந்த கடலேரித் தண்ணீருமாக இருக்கிறது. அவர்களுக்குக் குறை நினைவில்லாமை அல்ல, மறக்க முடியாமை. போருக்குப் பின் வன்னி மக்களின் மனவடுக்களைப் பற்றி மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் ஆய்வொன்றை வெளியிட்டார். அந்தக் காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் சமூகத்தையும் பிடித்திருக்கிறது என்பது அவர் வலியுறுத்திய செய்தி. இரவில் கத்திக்கொண்டு எழும்புபவர் பலவீனமானவர் அல்லர்.

ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வருகிறதென்றால், மேலே சொன்னபடி விரிவாக எழுதாதீர்கள். தலைப்பும் திகதியும் மட்டும் எழுதி எழும்பி முகம் கழுவுங்கள், வெளிச்சத்துக்கு வாருங்கள். உதவும் முறை ஒன்று உண்டு. அதைப் பகலில்தான் செய்ய வேண்டும். கனவை எடுத்து, அதன் போக்கை நீங்கள் விரும்பியபடி மாற்றி எழுதுவது. மாற்றிய கனவைத் தினமும் பத்து, இருபது நிமிடம் கண்ணை மூடி மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. எப்படி மாற்றுவது என்பது முழுக்க உங்கள் விருப்பம்: துரத்துபவன் வழி தவறலாம், தண்ணீர் முழங்காலளவில் நிற்கலாம், யாராவது கைகொடுக்கலாம். பேரி கிரகோவ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களிடம் இம்முறையைப் பரிசோதித்து, கெட்ட கனவுகள் குறைந்ததாக 2001இல் வெளியிட்டார்கள். மிகக் கொடிய கனவோடு தொடங்க வேண்டாம், சிறியதொன்றில் பழகுங்கள். செய்யும்போது நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிடுங்கள்.

பகலிலும் அந்தக் காட்சிகள் வந்து ஆளை நிலைகுலைக்கின்றன, உறங்கவே பயமாக இருக்கிறது, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் கொப்பியை மூடிவிட்டு வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். உடனே பேச வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி எண் 1926.

காணாமல் ஆக்கப்பட்டவர்கள் கனவில் வருவதைப் பற்றியும் ஒரு சொல். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் கொட்டகை போட்டு உட்கார்ந்த தாய்மார் தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள்; அந்தக் கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. இப்படிக் காத்திருக்கும் வீடுகளில், "கனவில் வெள்ளை உடுத்து வந்தானா, சாப்பாடு கேட்டானா" என்று விசாரித்து, இருக்கிறான், இல்லை என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கனவு அதற்குச் சாட்சி அல்ல. ஆனால் அந்தக் கனவை எழுதி வைக்க விரும்பினால் எழுதுங்கள்: என்ன உடுத்திருந்தான், என்ன சொன்னான், எப்படிச் சிரித்தான் என்று. யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

மாதக் கடைசியில்

மாதம் ஒரு தடவை, ஓய்வான ஒரு பின்னேரம், கொப்பியை முதலிலிருந்து வாசியுங்கள். திரும்பத் திரும்ப வரும் ஆட்களையும் இடங்களையும் பொருட்களையும் கோடிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியலாக எழுதுங்கள். "பஸ் தவறுதல் - 4, பழைய கிணறு - 3" என்று. அடுத்த மாதக் காலைகளில் ஒன்றும் நினைவு வராதபோது மனத்தில் ஓட்ட வேண்டிய பட்டியல் இதுதான்; பொதுப்பட்டியலைவிட இது நன்றாக வேலை செய்யும். பகல்நேரத்து ஒற்றை வரியோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். மோட்டர் பழுதான அன்றே கனவில் கிணறு வற்றுகிறதா, இரண்டு மூன்று நாள் கழித்தா என்று கவனியுங்கள்.

கனவுகள் கூடிவந்து எழுதவே நேரம் போதாமல் போகும் கட்டம் ஒன்று பலருக்கு வரும். அப்போது எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. வாரநாட்களில் தலைப்பு மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றை முழுமையாக. விதைப்புக் காலத்திலும் அறுவடையிலும் ஒரேயடியாக நிறுத்திவிட்டுப் பிறகு தொடரலாம். பழக்கம் ஒரு வாரத்துக்குள் மீண்டுவிடும். பென்சில் எழுத்து ஈரத்தில் அழியாது, ஆனால் கறையான் தாளைத் தின்றுவிடும். முடிந்த கொப்பிகளை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், வேப்பிலைச் சருகு போட்டு, நிலத்தில் படாமல் வையுங்கள்.